படகின் உட்புறத்துக்கு ஜெல் கோட்: பூசுமுன் அறியவேண்டியவை

கமம் செய்து பழகிய கைகளுக்குப் படகு புதிய பொருள். நெல்லையும் வெங்காயத்தையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களிற் பல, இடம்பெயர்ந்து களப்போரங்களிலும் கடற்கரையோரங்களிலும் குடியிருக்க நேர்ந்த பின்னரே படகோடு பழகத் தொடங்கின. சொந்தக் காணி இன்னமும் கைக்கு வராத சில குடும்பங்களுக்கு இன்று அதுவே வயல். மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு படகை வைத்திருப்பதும் உண்டு. அது கரையில் கிடந்தால் அத்தனை வீட்டு அடுப்பும் அன்று புகையாது. மண்வெட்டிக்குப் பிடி போடவும் கலப்பைக்குக் கொழு மாற்றவும் நாம் யாரையும் தேடிப் போனதில்லை. படகைப் பேணுவதையும் அப்படியே பழகிக்கொள்ளலாம்.

கண்ணாடி இழைப் படகு, அதாவது நாம் பைபர் படகு என்று சொல்வது, எமது பகுதிக்குப் புதிதல்ல. போருக்கு முன்னரே காரைநகரில் சீநோர் நிறுவனம் நோர்வே உதவியோடு இவ்வகைப் படகுகளைக் கட்டியது. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் பைபர் படகுகள் பெருந்தொகையாகக் கரையோரமெங்கும் கொடுக்கப்பட்டன. அவற்றுள் நல்லவையும் இருந்தன, அவசரத்தில் கட்டப்பட்டவையும் இருந்தன. பழைய படகொன்று உங்கள் கைக்கு வந்திருந்தால் அது எந்த வகை என்பதை அதன் உட்புறமே காட்டிவிடும்.

படகின் வெளிப்புறம் வழுவழுப்பாக இருப்பதற்குக் காரணம், அது அச்சிலே வார்க்கப்படுவதுதான். அச்சில் முதலில் ஜெல் கோட் பூசி, அது இறுகியபின் கண்ணாடி இழைப் பாயை றெசினில் நனைத்து மேலே அடுக்குவார்கள். உட்புறத்துக்கு அச்சு இல்லை. ஆகவே அது சொரசொரப்பாகவே இருக்கும். அதன்மேல் கடைசியாக ஒரு பூச்சுப் பூசி விடுவார்கள். நாளடைவில் கால் உராய்ந்தும், நங்கூரம் விழுந்தும், வெயில் தின்றும் அந்தப் பூச்சுத் தேய்ந்துபோகும். பிறகு இழை வெளியே தலைகாட்டும். காலில் ஏறினால் அரிக்கும், கீறினால் புண்ணாகும். மீன் இரத்தமும் எண்ணெயும் அந்த இழைக்குள் ஊறி, எவ்வளவு கழுவினாலும் நாற்றம் போகாது. இவற்றைவிடப் பெரிய தீங்கு, இழை வழியே தண்ணீர் உள்ளே இறங்குவது. தண்ணீர் குடித்த படகு பாரமாகும், பாரமான படகு எரிபொருளைத் தின்னும்.

ஜெல் கோட் என்பது நிறமும் தடிப்பும் சேர்ந்த பொலியெஸ்டர் றெசின். அது படகுக்குத் தோல் மாதிரி, எலும்பு அல்ல. படகின் பலம் முழுவதும் அடியிலுள்ள கண்ணாடி இழையில்தான் இருக்கிறது. இதை நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம். நான்கு குடும்பங்கள் பாவித்த படகொன்றை, மாரி முடிந்த கையோடு, திருவிழாவுக்கு முன் தொழிலுக்கு விட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில் கழுவி, இரண்டு நாள் வெயிலில் வைத்து, ஜெல் கோட் பூசினோம். பார்வைக்குப் புதுப்படகு. ஒரு மாதத்துக்குள் அடித்தளம் முழுவதும் கொப்புளம். குத்திப் பார்த்தால் உள்ளிருந்து புளித்த வாடையோடு நீர் வந்தது. எல்லாவற்றையும் சுரண்டி எடுக்கப் பூசியதைப்போல மூன்று மடங்கு நாட்கள் சென்றன. அந்நாட்களில் நான்கு வீட்டாரும் கூலி வேலைக்குப் போனார்கள். மண் உதிரும் சுவரில் சாணம் மெழுகினால் எத்தனை நாள் நிற்கும் என்று எமக்குத் தெரியாததல்ல. படகும் அப்படித்தான் என்று தோன்றாமற் போய்விட்டது.

ஆகவே முதல் வேலை பரிசோதனை. ஐந்து ரூபாக் குற்றியொன்றை எடுத்து உட்புறம் முழுவதும் தட்டிக்கொண்டு வாருங்கள். நல்ல இடத்தில் ஓசை கணீரென்று வரும். இழை அடுக்குப் பிரிந்த இடத்திலும் உள்ளே மரம் உளுத்த இடத்திலும் ஓசை செத்துப்போயிருக்கும். இயந்திரம் பூட்டும் பின்பலகையை மிகவும் கவனமாகத் தட்டவேண்டும். பல படகுகளில் அதனுள்ளே பலகை வைத்தே இழை போர்த்தியிருப்பார்கள். ஆணித் துளைகள் வழியாக நீர் இறங்கி, வெளியே தெரியாமல் அப்பலகை உக்கிவிடும். அது உக்கியிருந்தால் ஜெல் கோட்டுக்கு வைத்திருக்கும் காசை அதற்கே செலவிடுங்கள். பின்பலகை கழன்றால் இயந்திரம் கடலுக்குள் போகும், ஆளுக்கும் ஆபத்து. இந்த வேலையை மட்டும் அனுபவமுள்ள தொழிலாளி ஒருவரிடம் கொடுப்பது நல்லது. குறுக்குப் பலகைகளின் கீழே, மிதப்புக்காக அடைத்துவைத்த அறைகளில் நீர் நிற்கிறதா என்றும் பாருங்கள். நின்றால் வடித்து உலரவிடாமல் துளையை மூட வேண்டாம்.

அடுத்தது கழுவுதல். இதிலே வரிசை முக்கியம். முதலில் சவர்க்காரத் தூளும் நன்னீரும் கொண்டு, தும்புக்கட்டையால் நன்றாகத் தேய்த்து எண்ணெயையும் மீன் கொழுப்பையும் நீக்கவேண்டும். அதன்பிறகுதான் அரத்தாள். எண்ணெய் இருக்கும்போதே அரத்தாள் போட்டால் அந்த எண்ணெயை இழைக்குள் நாமே தேய்த்து இறக்கிவிடுவோம். கடல்நீரால் கழுவுவது கூடாது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். உப்பு ஊறிய இடம் ஒருபோதும் முழுதாகக் காயாது. நன்னீரால் பல தடவை அலசவேண்டும். நன்னீர் தூரத்திலிருந்து சுமக்கவேண்டிய இடங்களில் இது பெரிய பாடு என்பது தெரியும், ஆனாலும் குறுக்கு வழி இல்லை.

பிறகு உலர்த்துதல். படகை மரக்குற்றிகளில் ஏற்றி, அடைப்பானைக் கழற்றி, மழை விழாதபடி மேலே தறப்பாள் கட்டுங்கள். காற்று மட்டும் இரு பக்கமும் ஓடவேண்டும். இழை தெரியாத படகுக்குச் சில நாட்கள் போதும். இழை நனைந்த படகுக்குக் கிழமைக் கணக்கில் செல்லும். காய்ந்ததா என்று அறிய ஒரு வழி உண்டு. கண்ணாடி போன்ற பொலித்தீன் துண்டொன்றை ஒரு முழச் சதுரமாக வெட்டி, அடித்தளத்தில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ரேப் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் விடுங்கள். மறுநாள் பொலித்தீனின் உட்பக்கம் வியர்த்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. வியர்வை காணாமற்போகும் வரை பொறுக்கவேண்டும். நெல்லைப் பல்லாற் கடித்துப் பார்த்து ஈரம் சொல்லும் எமது மக்களுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல. வடபகுதியில் இந்த வேலைக்கு ஏற்ற காலம் மாசி, பங்குனி. ஐப்பசியில் தொடங்குபவர் தை வரை காத்திருக்க வேண்டிவரும்.

உலர்ந்தபின் 80ஆம் இலக்க அரத்தாளால் எல்லா இடத்தையும் பளபளப்புப் போகும்வரை தேய்க்கவேண்டும். யாராவது முன்னர் வீட்டுக்குப் பூசும் எனாமல் பெயின்ற் பூசியிருந்தால் அதை முற்றாக எடுத்துவிடுங்கள். அதன்மேல் ஜெல் கோட் பிடிக்காது. வெடிப்பு இருந்தால் அதை இருபுறமும் சாய்வாகத் தோண்டிப் பாருங்கள். வெடிப்புப் பூச்சோடு நின்றால் பூச்சே போதும். இழை முறிந்திருந்தால் முதலில் இழைப் பாயும் றெசினும் வைத்துக் கட்டவேண்டும். இழைத் தூசு தோலிலும் மார்பிலும் இறங்கும். நீளக்கைச் சட்டை போட்டு, தூசு தடுக்கும் முகமூடி கட்டாமல் அரத்தாளைத் தொடாதீர்கள். பிள்ளைகளைக் கிட்ட விடவேண்டாம். கடைசியாகத் தூசைத் தட்டி, அசற்றோன் தோய்த்த சுத்தமான சீலைத்துண்டால் துடையுங்கள். அசற்றோன் பெற்றோலைப்போல எரியும். பீடியும் விளக்கும் அந்தப் பக்கம் வரக்கூடாது.

எவ்வளவு வாங்குவது? பூச்சு அரை மில்லிமீற்றர் தடிப்பில் அமைய, ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 600 கிராம் தேவை. உதாரணமாக, 16 அடி நீளமும், ஒரு விளிம்பிலிருந்து அடித்தளம் வழியே மறு விளிம்பு வரை 7 அடியும் உள்ள உட்புறம் 112 சதுர அடி. அது பத்தரைச் சதுர மீற்றருக்குச் சற்றுக் குறைவு. கணக்குப்படி 6 கிலோவுக்குச் சற்று மேல். சொரசொரப்பான தளம் கூடுதலாகக் குடிக்கும், எனவே 7 கிலோ வாங்கலாம். மிச்சம் பிடிக்க மெல்லிதாக இழுத்துப் பூசினால் பூச்சுச் சரியாக இறுகாது. தடிப்பாக அப்பினால் வெடிக்கும். நிறம் தெரிவதானால் வெளிர்சாம்பலே எமக்குப் பிடித்தது. வெள்ளை கண்ணைக் கூசும், கடுநிறம் காலைச் சுடும்.

வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் கேட்கவேண்டும். அச்சுக்குப் பூசும் ஜெல் கோட் வேறு, உட்புறத்துக்குப் பூசுவது வேறு. சாதாரண ஜெல் கோட் காற்றுப் படும் பக்கத்தில் எந்நாளும் பிசுபிசுத்தபடியே இருக்கும். காற்றிலுள்ள ஒட்சிசன் அதை இறுகவிடாது. அதனால் உட்புறப் பூச்சில் மெழுகுக் கரைசல் சேர்க்கப்பட்டிருக்கும். இறுகும்போது அந்த மெழுகு மேலே மிதந்து வந்து காற்றை மறைத்துவிடும். கடைகளில் இதை புளோ கோட் அல்லது ரொப் கோட் என்பார்கள். ஒருமுறை மெழுகில்லாததை வாங்கிப் பூசிவிட்டோம். மறுநாட் காலையில் படகுக்குள் அயல்வீட்டுக் கோழிகளின் இறகு பாதி ஒட்டியிருந்தது. சிரிப்பாகத்தான் இருந்தது, பணம் நினைவுக்கு வரும்வரை. இரண்டு தடவை பூசுவதானால் முதற்பூச்சை மெழுகில்லாமலும், அது ஒட்டுப் பதத்தில் இருக்கும்போதே இரண்டாவதை மெழுகோடும் பூசவேண்டும். மெழுகுப் பூச்சு இறுகியபின் அதன்மேல் மறுபூச்சுப் பிடிக்காது. மீண்டும் அரத்தாள் போடவேண்டும்.

இனி ஹாட்னர். தண்ணீரைப்போல நிறமற்றிருக்கும் இத்திரவம் கண்ணிற் பட்டால் பார்வை போகலாம். கண்ணாடி அணியாமல் போத்தலைத் திறக்கவேண்டாம். தெறித்துவிட்டால் உடனே சுத்தமான நீரால் கால் மணித்தியாலம் இடைவிடாது கழுவியபடி வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைப்பதை நினைக்கவே கூடாது. ஒரே அறையில் சமைத்து, படுத்து, எழும்பும் வீடுகளில் தாகத்தோடு வரும் பிள்ளைக்கு அது தண்ணீர்தான். பூச்சிமருந்தால் எமது ஊர்களில் நடந்தவை போதும். சில றெசின்களோடு கோபால்ட் என்ற ஊதாநிறத் திரவமும் தனியாகத் தருவார்கள். ஹாட்னரையும் கோபால்ட்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள். தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். கோபால்ட்டை முதலில் றெசினில் நன்றாகக் கலக்கிய பின்னரே ஹாட்னரைச் சேர்க்கவேண்டும். ஏற்கெனவே கோபால்ட் சேர்த்த பூச்சை வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் கலக்கவேண்டாம். அரைக் கிலோவுக்கு ஹாட்னர் 5 மில்லிலீற்றருக்குக் குறையவும் கூடாது, 9 மில்லிலீற்றருக்குக் கூடவும் கூடாது. ரின்னில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். மூடியாலும் சொட்டாலும் அளப்பதை விட்டு, ஊசி கழற்றிய சிறிஞ்சால் அளக்கவேண்டும். கெதியில் காயட்டும் என்று கூட்டுவதும், மிச்சம் பிடிக்கக் குறைப்பதும் இரண்டும் நட்டம். குறைந்தால் பூச்சு ஒருநாளும் முழுதாக இறுகாது, வெயிலில் எத்தனை நாள் வைத்தாலும் சரி. எமது இடத்தில் இந்த அளவையை எப்போதும் ஒரு தாய்தான் செய்வார். அவர் அளந்ததில் ஒரு கலவையும் பிழைத்ததில்லை, ஆண்கள் அளந்ததைப் பற்றி இங்கே எழுதவில்லை.

பனி காய்ந்தபின் காலை எட்டு மணியளவில், நிழலில் தொடங்குங்கள். அடியும் ஓரமும் படும்படி மெதுவாகக் கலக்கினால் காற்றுக்குமிழி சேராது. கலந்தபின் கையில் இருப்பது கால் மணித்தியாலம் அளவே. அதனால் எந்த இடம் முதலில், யார் கலப்பது, யார் பூசுவது என்று முன்னரே பேசி வையுங்கள். முனையிலிருந்து தொடங்கிப் பின்பக்கமாக வந்து வெளியே இறங்குவது வசதி. மூலைகளுக்குத் தூரிகை, தட்டையான இடத்துக்கு றோலர். கலவை கட்டிபடத் தொடங்கினால் அதை இழுத்துப் பூசாமல் விட்டுவிடுங்கள். மிஞ்சிய கலவை ரின்னுக்குள் தானாகச் சூடேறிப் புகையும். அதை வெளியே வெறும் மணலில் வைக்கவேண்டும், கிடுகுக்கொட்டிலின் கிட்ட வைக்கக்கூடாது. இதன் மணம் தலையைச் சுற்றும், ஆகவே பூட்டிய இடத்தில் பூசவேண்டாம்.

நின்று வலை இழுக்கும் இடம் வழுக்காமல் இருக்க, கழுவிக் காயவைத்து அரித்த ஆற்றுமணலை ஈரப்பூச்சின்மேல் மெல்லத் தூவி, அடுத்த பூச்சால் மூடிவிடலாம். உப்புள்ள கடல்மணல் உதவாது.

மறுநாள் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழாவிட்டால் இறுகிவிட்டது. மேற்பரப்பு மட்டும் ஒட்டி, அடி கல்லாக இருந்தால் மெழுகு போதாது. அசற்றோனால் துடைத்து, அரத்தாள் போட்டு, மெழுகோடு இன்னொரு மெல்லிய பூச்சுக் கொடுக்கலாம். அடிவரை மெத்தென்று இருந்தால் ஹாட்னர் பிழைத்திருக்கிறது. முழுவதையும் சுரண்டத்தான் வேண்டும். சரியாக இறுகியிருந்தாலும் ஐந்தாறு நாள் கழித்தே பாரம் ஏற்றி நீரில் இறக்கவேண்டும். மிஞ்சிய ஹாட்னரை அதன் சொந்தப் போத்தலிலேயே, வெயில் படாத இடத்தில், பெற்றோலுக்கும் கந்தலுக்கும் தூரமாகப் பூட்டி வையுங்கள். அதன் மூடியை இறுக்கியவர் யார், திறப்பு யாரிடம் என்பது படகுக்காரர் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.