போதையால் கெட்ட பல்லைக் காப்பாற்ற முடியுமா?

வாயைத் திறந்து சிரிக்க வெட்கப்படும் வாலிபர்கள் இருக்கிறார்கள். சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்வார்கள். போதைப் பழக்கம் அவர்களுடைய பல்லைக் கெடுத்துவிட்டது. பழக்கத்தை விட்ட பிறகும் பல் டாக்டரிடம் போகப் பயம். "திட்டுவாரோ? போலீசில் சொல்லிவிடுவாரோ?" என்று நினைத்து வலியைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

இந்தப் பயம் வேண்டாம். நோயாளியின் ரகசியத்தைக் காப்பது டாக்டரின் கடமை.

பல் ஏன் கெடுகிறது?

உமிழ்நீர்தான் பல்லுக்குக் காவல்காரன். பல்லை அரிக்கும் அமிலத்தை அது கழுவிவிடும். 'மெத்தாம்பெட்டமின்' என்ற போதை மருந்து உமிழ்நீரை வற்ற வைக்கிறது. தாகம் எடுக்கிறது. இனிப்பான சோடா, கலர் என்று குடிக்கிறார்கள். பல்லை நறநறவென்று கடிக்கிறார்கள். பல் துலக்கவும் மறந்துவிடுகிறார்கள். சொத்தை பரவுகிறது.

ஹெராயின் வலியை மறைத்துவிடும். பல் அழுகுவதே தெரியாது. பழக்கத்தை விட்டதும் வலி உயிரை எடுக்கும்!

என்ன சிகிச்சை?

முதலில் வலியையும் சீழையும் போக்குவார்கள். அழகு பிறகுதான்.

சிறிய சொத்தையைச் சுரண்டி அடைத்துவிடலாம். நரம்பு வரை போயிருந்தால் வேர் சிகிச்சை செய்து, மேலே உறை போடுவார்கள். வேர் மட்டும் மிஞ்சியிருந்தால் பெரும்பாலும் பிடுங்க வேண்டியதுதான். அந்த இடத்தில் பல் செட் கட்டிக்கொள்ளலாம். தாடை எலும்பில் திருகு பதித்துப் பல் வைப்பதும் உண்டு. அதற்குச் செலவு அதிகம். மறுபடி போதைக்குப் போனால் அது நிலைப்பது கடினம்.

உண்மையைச் சொல்லுங்கள்!

பல் பிடுங்கும்போது மரத்துப்போக ஊசி போடுவார்கள். அதில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும். உடம்பில் மெத்தாம்பெட்டமினோ கொக்கேயினோ இருந்தால் அந்த ஊசி இருதயத்துக்கே ஆபத்தாகலாம். ஆகவே, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்பதை மறைக்கக்கூடாது. பழக்கத்தை விட்டவர்களும் சொல்ல வேண்டும். சில வலி மருந்துகள் பழைய ஆசையைக் கிளப்பிவிடும்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்

போதையை விடுவதற்கு 'பியூப்ரெனார்பின்' மாத்திரை தருகிறார்கள். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்க வேண்டும். இதனாலும் பல் கெடலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022-ல் எச்சரித்தது. அதற்காக மாத்திரையை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் பெரிய ஆபத்து! மாத்திரை முழுவதும் கரைந்ததும் ஒரு வாய்த் தண்ணீரை மெல்லச் சுழற்றி விழுங்க வேண்டும். ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் பல் துலக்க வேண்டும்.

எங்கே போவது?

பணம் இல்லையே என்று இருந்துவிட வேண்டாம். சென்னையில் 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. போதையை விட ஆலோசனை வேண்டுவோர் 14446 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: மகன் வாயை மூடிக்கொண்டு சிரித்தால் கேலி செய்யாதீர்கள். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்!