நூலுரிமையும் புதுப்படைப்பும்

சென்ற ஆண்டில், தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய யாம், பழைய நாவல் ஒன்றை நாடகமாக்கி, ஊர்மக்கள் முன்னிலையிற் கட்டணம் வைத்து நடித்து, வரும் பொருளை ஏழை மாணவர் நிதிக்கு அளிக்க எண்ணினோம். அந்நூலாசிரியர் காலஞ்சென்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயின. நூலும் கடைகளிற் கிடைப்பதில்லை. கல்லூரிக்குள் ஆசிரியர், மாணவர், பெற்றோர் ஆகியோர்க்கு நடித்துக்காட்டச் சட்டம் இடந்தரினும், பொதுமக்கள் முன் நடிக்க உரிமையாளரின் இசைவு வேண்டுமென்று அறிந்தோர் கூறினர். அவ்வுரிமையாளர் யாவர்? பதிப்பித்த நிலையம் மறைந்தது. வழித்தோன்றல்களுக்கு யாம் விடுத்த கடிதமும் திரும்பிவந்தது. மறுப்பார் ஒருவருமிலர், இசைவார் ஒருவருமிலர். எழுதி முடித்த நாடகம் பெட்டியிற் கிடக்கின்றது. இந்நிலை எவ்வாறு விளைந்தது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நூலுரிமையாவது, ஒருவர் இயற்றிய நூலைக் குறித்த காலம்வரை அவர் இசைவின்றிப் பிறர் அச்சிடாமலும், நடிக்காமலும், மொழிபெயர்க்காமலும் சட்டம் காத்தலாம். இதன் தேவையை மறுப்பார் இலர். மில்ட்டன் என்னும் ஆங்கில மகாகவி, தம் பெருங்காப்பியமாகிய 'சுவர்க்க நீக்க'த்தை 1667ஆம் ஆண்டில் அச்சிடுவோர் ஒருவருக்கு விற்றபோது, முதற்கண் பெற்றது ஐந்து பவுனே. முதற்பதிப்பு விற்றபின் மேலும் ஐந்து பவுன் பெற்றார். அவர் இறந்தபின் மனைவியார், எஞ்சிய உரிமை முழுவதையும் 1680இல் எட்டுப் பவுனுக்குக் கொடுத்துவிட்டார். 1710இல் ஆன் அரசியார் காலத்து எழுந்த ஆங்கிலச் சட்டமே இவ்வுரிமை நூலாசிரியர்க்கு உரியதென முதன்முதல் வகுத்தது. அது புதுநூல்களுக்குக் குறித்த காலம் 14 ஆண்டு. அதன் முடிவில் ஆசிரியர் உயிருடனிருப்பின் மேலும் 14 ஆண்டு.

ஆயின், புத்தக வணிகர் இவ்வளவில் அமைந்திலர். உரிமை என்றும் அழியாதது என்று வாதாடினர். 1774இல் பிரபுக்கள் சபை அவ்வாதத்தைத் தள்ளிற்று. பின்னர்ச் சட்டத்தின் வாயிலாகவே காலம் வளரலாயிற்று. இங்கிலாந்தில் 1842இல் 42 ஆண்டு, அல்லது ஆசிரியர் இறந்தபின் 7 ஆண்டு, இவற்றுள் நீண்டது என்றாயிற்று. 1911இல் இறப்பின் பின் 50 ஆண்டாயிற்று. அமெரிக்கா 1998இல் அதனை 70 ஆக்கிற்று. அதனால் அந்நாட்டில் அச்சேறிய பழைய நூல்கள் காலங்கழிந்து பொதுவாதல் இருபது ஆண்டு நின்று, 2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்றே மீண்டும் தொடங்கிற்று.

இந்நீட்சியால் ஆக்கியோர்க்கு ஊக்கம் பிறக்குமோ? 1841இல் இத்தகைய மசோதா ஒன்று பார்லிமெண்டில் வந்தபோது மெக்காலே இவ்வினாவையே எழுப்பினார். 1784இல் மறைந்த ஜான்ஸன் என்னும் புலவரின் நூல்களுக்கு அறுபதாண்டு உரிமை இருந்திருப்பின், அன்று யாரோ ஒரு வணிகன் பயன்பெற்றிருப்பானேயன்றி, உயிரோடிருந்த காலத்து அப்புலவர்க்கு அதனால் யாது நன்மை என்று கேட்டார். நம் நாட்டிலும் அவ்வினா பொருந்தும். 1957ஆம் ஆண்டுச் சட்டம் இறப்பின் பின் 50 ஆண்டு தந்தது. 1941இல் மறைந்த தாகூரின் நூல்கள் 1991 முடிவிற் பொதுவாகும் தறுவாயில், காலம் 60 ஆண்டாக நீட்டப்பட்டது. அப்பத்தாண்டு அக்கவியரசரை இன்னுமொரு பாட்டுப் பாடச் செய்யவல்லதோ?

மற்று, உயிருடன் இருக்கும் கலைஞர்க்கு இந்நீட்சி தடையாதல் வெளிப்படை. கலை வெறுவெளியிற் பிறப்பதன்று. பழையதை வித்தாகக் கொண்டே புதியது முளைக்கும். எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அவர்கள் 1894இல் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிகம்' பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கிலக் கதையைத் தழுவியது. எனினும் அது வெறும் பெயர்ப்பன்று; கம்பனைக் கற்றுத் தோய்ந்த தமிழுள்ளத்தின் தனிப்படைப்பு. பனியனின் வழித்தோன்றல் யாவரெனக் கடல் கடந்து தேடவேண்டியிருந்திருப்பின், அக்காப்பியம் நமக்குக் கிடைத்திருக்குமோ என்பது ஐயமே. இதற்கு மாறானதொரு நிகழ்ச்சியும் உண்டு. 1912இல் மறைந்த பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' கதையைத் தழுவி, இசைவு பெறாமல், ஜெர்மனியில் 1922இல் 'நோஸ்பெராட்டு' என்னும் மௌனப்படம் எடுக்கப்பட்டது. ஆசிரியரின் மனைவியார் வழக்குத் தொடர, 1925இல் பிரதிகளையெல்லாம் அழிக்குமாறு தீர்ப்பாயிற்று. எங்கோ தப்பிய சில பிரதிகளாலேயே இன்று உலகம் போற்றும் அப்படம் பிழைத்தது.

ஈண்டு ஒரு தடை நிகழும். அக்கைம்பெண் பொருள் கேட்டது தவறோ எனின், அன்று. எழுதியவர்க்கும், அவரையே நம்பி வாழ்ந்த மனைவி மக்கட்கும் ஊதியம் சேர்தல் அறமே. ஆயின் நெடுங்காலவுரிமை பெரும்பாலும் அவர் கையில் நிற்பதில்லை. மில்ட்டன் காப்பியத்தின் உரிமையைப் புத்தக வணிகர் தமதென்று கொண்டிருந்த 1750ஆம் ஆண்டில், வறுமையுற்ற அவர் பேர்த்தியாரின் உதவிக்காக இலண்டனில் நாடகம் நடத்திப் பொருள் திரட்டினர். நம் பாரதியார் 1921இல் மறைந்தார். அவர் பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பாடும் உரிமை தனியார் கைக்குச் சென்றுவிட்டது. 1949இல் சென்னை அரசாங்கம் அவர் நூலுரிமையைக் கைக்கொண்டது. பின்னர் அவை மக்கட்குப் பொதுவாயின. பதிப்பாளரும் பாடகரும் தடையின்றி வழங்க, அவர் பாட்டு வீடுதோறும் புகுந்தது.

ஆகலின் உரிமையை அறவே நீக்குக என்பது எம் கருத்தன்று. அளவு வேண்டும் என்பதே. அமெரிக்காவின் 1909ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் 28 ஆண்டு தந்தது. பதிவைப் புதுப்பித்தார்க்கே மேலும் 28 ஆண்டு அளித்தது. பயன் கருதுவோர் புதுப்பித்தனர். ஏனைய நூல்கள் பொதுவாயின. இம்முறையில் உரிமையாளர் பெயரும் ஏட்டில் விளங்கும். இன்று நம் நாட்டிலும், உரிமையாளர் அகப்படாத நூலை வெளியிடுதற்குப் பத்திரிகையில் விளம்பரம் செய்து விண்ணப்பிக்கும் வழி ஒன்று உண்டெனினும், அது மாணவர்க்கு எளிதன்று.

கிணற்றைத் தோண்டியவன் கூலி பெறுதல் முறை. அவன் பேரன் யாரெனத் தெரியாதபோதும் கிணற்றை மூடி வைத்தால், நீரும் பாழ். அயலிலுள்ள பயிரும் பாழ். எம் பெட்டியிற் கிடக்கும் நாடகத்தை எண்ணுந்தோறும், அதனோடு உறங்கும் அப்பழைய ஆசிரியரின் பெயரையும் எண்ணி வருந்துகின்றோம். தம் கதையை மீண்டும் ஒருமுறை மக்கள் கேட்பதை அவர் வேண்டாவென்று கூறியிருப்பாரோ?