அலையாத்திக் காடு ஊரைக் காப்பது எப்படி?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. ஆழிப்பேரலை தமிழகக் கரையில் ஏறியதில் ஏறத்தாழ 8 ஆயிரம் உயிர்கள் போயின. அவற்றில் முக்கால் பங்கு நாகை மாவட்டத்தில் போனவை. அதே காலையில் கடலூர் மாவட்டம் பிச்சாவரம் காட்டுக்குப் பின்னால் இருந்த சில குப்பங்கள் பெரும் சேதமின்றித் தப்பின. "காடுதான் எங்களைக் காப்பாற்றியது" என்று அந்த மக்கள் சொன்னார்கள். அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்று நம் முன்னோர் அந்தக் காட்டுக்கு இட்ட பெயருக்கு அன்றுதான் பலருக்கும் பொருள் புரிந்தது.

வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் முகத்துவாரங்களுக்கு நடுவே, சுமார் 1,100 ஹெக்டேரில் கிடக்கிறது பிச்சாவரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழம்பெயரைத் தந்த தில்லை மரம் இந்தக் காட்டு மரம்தான். 2022-ல் இது உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

வேர் செய்யும் வேலை

பிச்சாவரத்து வாய்க்கால்களில் படகில் போகிறவர்கள் முதலில் பார்ப்பது சுரபுன்னையை. தண்டின் பக்கவாட்டில் கிளம்பும் வேர்கள் வில்லாக வளைந்து சேற்றில் ஊன்றி நிற்கும். பந்தலுக்கு முட்டுக் கொடுத்ததுபோல மரம் பல கால்களில் நிற்கும். இதன் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய்போல நீண்டு தொங்கி, பிறகு விழுந்து சேற்றில் குத்திக்கொள்ளும். சற்று உள்ளே தள்ளி வெண்கண்டல். அதன் மூச்சு வேர்கள் மரத்தைச் சுற்றிலும் விரல் விரலாகச் சேற்றுக்கு வெளியே குத்திட்டு நிற்கும்.

வருகிற அலை இந்த வேர்களிலும் தண்டுகளிலும் மோதிச் சிதறுகிறது. ஒவ்வொரு மோதலிலும் விசையை இழக்கிறது. வேகம் தணிந்த நீரிலிருந்து வண்டல் படிகிறது. அப்படிப் படியும் வண்டலால் தரை சிறிது சிறிதாக உயர்கிறது. கடல் மட்டம் ஏறிவரும் இந்தக் காலத்தில், தானே உயரக்கூடிய தடுப்பு இது. கருங்கல் கொட்டிக் கட்டும் தடுப்புச் சுவருக்கு அந்த ஆற்றல் கிடையாது.

எவ்வளவு தடுக்கும்?

கடல் ஊருக்குள் வருவதில் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் காடு தரும் பாதுகாப்பு வேறு வேறு.

காற்றால் எழும் அலை முதல் வகை. 100 மீட்டர் அகலமுள்ள அலையாத்திக் காட்டைக் கடப்பதற்குள் அதன் உயரம் 13 முதல் 66 சதவீதம் வரை குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

புயலின்போது கடல் மட்டமே உயர்ந்து உள்ளே வருவது இரண்டாம் வகை. இதைத் தணிக்கக் காடு கிலோமீட்டர் கணக்கில் அகலமாக இருக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு 5 முதல் 50 சென்டிமீட்டர் வரை நீர்மட்டம் குறைகிறது. டெல்டாவின் சமதரையில் அரை மீட்டர் என்பது ஒரு திண்ணையின் உயரம். வெள்ளம் வாசலோடு நிற்குமா, அரிசிப் பானை வரை வருமா என்பதைத் தீர்மானிக்கும் உயரம் அது.

மூன்றாவது ஆழிப்பேரலை. இங்கே அறிவியலாளர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. பரங்கிப்பேட்டைப் பகுதியில் 18 குப்பங்களை ஆராய்ந்தவர்கள், காடு உயிர்களைக் காத்தது என்றார்கள். அதே புள்ளிவிவரங்களை மறுபடி அலசிய வேறு சிலர், கடலிலிருந்து குப்பம் இருந்த தூரமும் தரையின் உயரமுமே முக்கியக் காரணங்கள் என்றார்கள். மிக உயர்ந்த பேரலையை எந்தக் காடும் தடுத்து நிறுத்தாது என்பதை ஏற்கத்தான் வேண்டும். எச்சரிக்கையும் வெளியேற்றமும் எப்போதும் தேவை. ஆனால் கரையோரத்தைக் காடு பிடித்துக்கொண்டிருப்பதால்தான் ஊர் கடலை விட்டுத் தள்ளி அமைகிறது. அந்தத் தூரமும் காடு கொடுத்த பாதுகாப்பே.

ஒடிசா தந்த பாடம்

1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைச் சூறையாடிய பெரும்புயலுக்குப் பின், பிதர்கணிகா அருகே மூன்று கிராமங்களை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். ஒன்றுக்கு முன்னால் அலையாத்திக் காடு. இன்னொன்றுக்கு முன்னால் மண்கரை. மூன்றாவதற்கு எதுவும் இல்லை. காடு இருந்த ஊரில் இழப்பு மிகக் குறைவு. மிக அதிகமாக இழந்ததோ, கரை கட்டியிருந்த ஊர். உடைப்பெடுத்து உள்ளே வந்த உப்புநீர் திரும்பிப் போக வழியில்லாமல் அங்கே தேங்கிவிட்டது. கேந்திரபாடா மாவட்டத்தில் 400-க்கும் மேற்பட்ட கிராமங்களை ஆராய்ந்த மற்றொரு ஆய்வும், காடு அகலமாக இருந்த ஊர்களில் உயிரிழப்பு குறைவாக இருந்ததை உறுதிசெய்தது.

வெட்டியதும் மீட்டதும்

பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். நிழல் போனதும் வெயில் பட்டுச் சேறு வறண்டது. தரை உள்வாங்கித் தாம்பாளம்போல் குழிந்தது. ஏற்றத்தில் புகுந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேறாமல் தேங்கி ஆவியாக, உப்பு மட்டும் மிஞ்சியது. அந்த மண்ணில் கன்று எப்படிப் பிழைக்கும்?

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் 1990-களில் இதற்கு விடை கண்டார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள்; மேலிருந்து பார்த்தால் மீன்முள் வடிவம். ஏற்றமும் வற்றமும் மீண்டும் தரையை அலசின, உப்பு இறங்கியது. வாய்க்கால் ஓரங்களில் ஊன்றிய கன்றுகள் காடாயின. நீரோட்டம் சரியானால் காடு திரும்பும் என்பதற்கு இன்றும் கண்முன் நிற்கும் சான்று இது.

மற்ற காவலர்கள்

கரையைக் காப்பது அலையாத்தி மட்டுமில்லை. அடும்புக்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்து பிடித்துவைத்திருக்கும் மணல்மேடுகள் மணற்கரைகளின் அரண். மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் அலையைக் கரைக்கு வெளியிலேயே உடைக்கின்றன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்த இடத்தில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. தென்சென்னையின் மழைநீரை வாங்கி மெல்லக் கடலுக்கு விடும் பள்ளிக்கரணைச் சதுப்பு, குப்பைக்கும் கட்டடங்களுக்கும் இரையாகிச் சிறு பங்காகச் சுருங்கிவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அதன் விலையை நகரம் கொடுத்தது.

ஆகவே செய்ய வேண்டியது தெளிவு. இருக்கிற காட்டையும் மேட்டையும் சதுப்பையும் தொடாதிருப்பது முதல் வேலை. மணல்மேட்டைச் சமன்செய்துவிட்டுச் சவுக்கு நடுவது பாதுகாப்பாகாது. கன்று நடும் விழாவுக்கு முன், அந்த இடத்துக்கு ஆற்றுநீரும் கடல்நீரும் வந்துபோக வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காவிரி நன்னீர் கடைமடை தாண்டிக் கடலில் கலப்பதை வீண் என்று பேசுவதையும் நாம் நிறுத்த வேண்டும். அந்த நீரில்தான் இந்தக் காடு உயிர் வாழ்கிறது.

ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் தமிழகக் கடற்கரையில், இந்திய வன அளவை நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி, அலையாத்திக் காட்டின் பரப்பு வெறும் 45 சதுர கிலோமீட்டர்.