மூட்டைக் காக்கும் உறை

விழுப்புரம் மாவட்டத்தில், இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலால் புகழ்பெற்ற ஊர் பனமலை. அத்தகைய ஊர்களில் மாட்டுவண்டி ஓட்டிய உழவர், அச்சுக்கு வண்டிமை இடாமல் நெடுவழி செல்லார். மையின்றேல் உராய்வினால் அச்சும் குடமும் தேயும் என்பதை அவர் அறிவர். பழைய மோட்டார் வண்டிக்கும் அவ்வுண்மையே பொருந்தும்.

1983-ஆம் ஆண்டில் வெளிவந்த மாருதி 800, முன்சக்கரங்களால் இழுக்கப்படும் வண்டியாகும். அதன் உற்பத்தி 2014-இல் நின்றது. ஆயினும் அவ்வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. முன்சக்கரம் சுழலவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், மேடுபள்ளங்களில் ஏறியிறங்கவும் வேண்டும். ஆகவே, எஞ்சினின் ஆற்றலைச் சக்கரத்திற்குக் கொண்டுசெல்லும் தண்டின் இருமுனைகளிலும் வளைந்து கொடுக்கும் மூட்டுகள் அமைந்துள்ளன. சக்கரத்தை ஒட்டிய மூட்டினுள் எஃகுக் குண்டுகள் பள்ளங்களில் உருளும். அங்குள்ள மசகு சிந்தாமலும், தூசி புகாமலும் காப்பது மடிப்பு மடிப்பாக அமைந்த இரப்பர் உறை. பட்டறையில் அதனைப் 'பூட்' என்பர்.

உறை கிழிந்தால், சுழலும் வேகத்தில் மசகு வெளியே சிதறும்; மணலும் நீரும் உட்புகும்; குண்டுகள் தேயும். வண்டியைத் திருப்பும்போது 'கடகட' என்னும் ஓசை எழுமாயின், மூட்டு பழுதுற்றது என அறிக. அதன்பின் புதிய உறை இட்டும் பயனில்லை. மூட்டையே மாற்றுதல் வேண்டும்.

கிழிசலை உரிய காலத்தில் கண்டவர், கைதேர்ந்தவர் துணையோடு தாமே உறையை மாற்றலாம். வண்டி தரையில் நிற்கும்போதே சக்கரத்தின் நடுமரையைத் தளர்த்துதல் வேண்டும். பின்னர் ஜாக்கியால் உயர்த்தித் தாங்கிகளின்மேல் நிறுத்துக. ஜாக்கி ஒன்றையே நம்பி வண்டியின் அடியில் நுழைதல் உயிர்க்குக் கேடாம்.

கியர்ப் பெட்டியின் எண்ணெயை வடித்து, சக்கரத்தைத் தாங்கும் பந்துமூட்டைப் பிரித்து, தண்டை வெளியே எடுத்தல் அடுத்த பணி. பின் உட்புற மூட்டைக் கழற்றி, அவ்வழியே பழைய உறைகளை உருவுக. பழைய மசகு சிறிதும் எஞ்சலாகாது. அதில் கலந்த மணல் புதிய மசகையும் கெடுக்கும். புதிய உறைகளைத் தண்டிற் செருகி, மூட்டுக்குரிய கரிய மசகை நிறைத்து, வளையப் பட்டைகளால் இருபுறமும் இறுக்குக. யாவற்றையும் முன்போற் பூட்டி வண்டியை இறக்கியபின், கையேடு கூறும் அளவுக்கு நடுமரையை முறுக்குக.

உறையின் விலை சிறிது; மூட்டின் விலை பெரிது. எண்ணெய் மாற்றும்போதெல்லாம் ஒருமுறை குனிந்து உறையை நோக்குவார்க்கு அப்பெருஞ்செலவு நேராது.