பழைய கணினியைத் தூக்கிப் போடாதீர்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 சிப் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். அதனால் சென்னை சாந்தோம் வீடுகளில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ மடிக்கணினிகளுக்கு, "இது ஏறாது, புதுசு வாங்கிடுங்க" என்ற தீர்ப்பு கிடைக்கிறது. இந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

மாற்று வழி லினக்ஸ். அதன் ஒரு வகை நம் ஊரிலேயே உருவானதுதான். டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட 'பாஸ்' இயங்குதளத்தை 2007-இல் வெளியிட்டது மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம். அதே காலகட்டத்தில் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் நந்தனம் அலுவலகம், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையில் சூசே லினக்ஸுக்கு மாறியது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸும் சேர்ந்தே வந்தது. ஆனாலும் லினக்ஸ் வீடுகளில் வேரூன்றவில்லை. கணினியைக் கொடுத்தவர்கள் அதை அமைத்துக்கொள்ளக் கற்றுத்தரவில்லை என்பதே என் முடிவு.

அமைப்பதில் பாதி வேலை, நிறுவும் முன்பே முடிய வேண்டும். லினக்ஸின் இன்னொரு வகையான லினக்ஸ் மின்ட்டை பென்டிரைவில் ஏற்றி, ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் ஓட்டிப் பாருங்கள். வைஃபை, பிரிண்டர், ஒலி மூன்றும் வேலை செய்கின்றனவா? 4 ஜிபி ராம் மட்டும் இருந்தால் அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பே போதும். நிறுவியதும் ஃபயர்வாலை இயக்குங்கள், புதுப்பிப்புகளைத் தானாக வரவிடுங்கள், பிள்ளைகளுக்கு நிர்வாக உரிமை இல்லாத தனிக் கணக்கு கொடுங்கள்.

அடுத்தது தமிழ். ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துவிடுங்கள். 1999-இல் தமிழக அரசு ஏற்ற இந்த முறையில் ஏ, கே, கே, க்யூ என்று நான்கு விசைகளைத் தட்டினால் 'அம்மா' வந்துவிடும். புள்ளியை அது தானே வைத்துக்கொள்ளும். தமிழைத் தமிழாகவே தட்டும் இந்தச் சுகம் ஒவ்வொரு பள்ளிப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

எல்லோரும் மாறிவிடவும் முடியாது. பேஜ்மேக்கரையும் பழைய தமிழ் எழுத்துருக்களையும் நம்பி அழைப்பிதழ் அடிக்கும் டி.டி.பி. கடைகளுக்கும், டேலியில் கணக்கு எழுதுகிறவர்களுக்கும் விண்டோஸ்தான் தோது. வேலை எதுவென்று பார்த்த பிறகே இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எதைத் தொடங்கினாலும், படங்களையும் சான்றிதழ்களையும் முதலில் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள்.