ராத்திரிக்கு இன்னா குழம்பு?

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் பஸ்ஸில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது. பகலெல்லாம் ஜவுளிக்கடையில் நின்று கால் கடுத்த பெண்கள், ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள். கீழ்பென்னாத்தூர் வந்ததும் கூட்டம் இறங்கும். இறங்கும்போதே ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்வார்கள்: "ராத்திரிக்கு இன்னா குழம்பு?"

எங்கள் பக்கத்தில் ராத்திரிச் சாப்பாடுதான் பெரிய சாப்பாடு. கழனி வேலைக்குப் போன குடும்பங்களில் அடுப்பு மூட்டுவதே சாயங்காலம்தான். ராத்திரிக்குச் சுடுசோறு. மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்தால் விடிந்ததும் பழையது. மிஞ்சிய குழம்பைச் சுண்டவைத்தால் அதுவே தொட்டுக்கொள்ள. இன்றைக்குக் கழனி போய்க் கடை வேலை வந்திருக்கிறது, நூறு நாள் வேலை வந்திருக்கிறது. ஆனாலும் செருப்பைக் கழற்றுவதற்கும் பிள்ளைகள் தட்டை எடுத்து வைப்பதற்கும் நடுவில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் கிடைப்பதில்லை.

கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்தபோது நான் புத்தகம் பார்த்துச் சமைக்கிறவள். அம்மா கொடுத்தனுப்பிய புத்தகம், எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. 1951-ல் முதலில் வந்தது. பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத எத்தனையோ பெண்களுக்கு அது பெரியம்மா போல இருந்திருக்கிறது, எனக்கும்தான். ஆனால் அதில் இருந்ததை எல்லாம் நான் கட்டளையாக எடுத்துக்கொண்டேன். பட்டியலில் ஒரு சாமான் குறைந்தால் அன்றைக்கு அந்தக் குழம்பு கிடையாது.

ஒரு நாள் வேலை முடிந்து வர ஏழு மணி ஆகிவிட்டது. வீட்டில் நாலு கத்திரிக்காய் இருந்தது, தேங்காய் இல்லை. கடைக்குக் கிளம்பினேன். "நில்லும்மா" என்றார் அத்தை. கோணியிலிருந்து ஒரு கை மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, எடுத்து உரித்தார். இரும்புச் சட்டியில் பருப்பை வறுத்தார். தோல் வெடித்து வாசனை வந்ததும் முறத்தில் கொட்டித் தேய்த்துப் புடைத்தார். இரண்டு பல் பூண்டு சேர்த்து மிக்சியில் ஒரு சுற்று. கொதிக்கிற புளிக்குழம்பில் அந்த விழுதைக் கரைத்துவிட்டதும் குழம்பு கெட்டிப்பட்டது. ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நின்றது. "எவ்வளவு போட்டீங்க அத்தை?" என்று கேட்டேன். "அளவு இன்னாத்துக்கு? கையில எடுத்தா தெரியாதா?"

அந்தக் கை அளவுக்குப் பின்னால் ஒரு கட்டமைப்பு இருக்கிறது என்பது எனக்குப் பிடிபட நாளானது. எங்கள் ஊர்க் குழம்புக்கு அடித்தளம் மூன்று: புளி, குழம்பு மிளகாய்த்தூள், தாளிப்பு. மற்றதெல்லாம் அன்றைக்குக் கிடைப்பது. மிளகாய், தனியா, துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகு, சீரகம், வெந்தயம், மஞ்சள் எல்லாம் மாடியில் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்து வந்துவிட்டால் மூன்று நாலு மாதத்துக்குக் கவலை இல்லை. அந்த ஒரே தூளில் இன்றைக்குக் காராமணி, நாளைக்கு முருங்கைக்காய், சந்தையன்று கருவாடு. கிருத்திகையோ பௌர்ணமியோ வந்தால் கருவாட்டின் இடத்தில் வாழைக்காய் உட்காரும். குழம்பு அதே குழம்பு.

தாளிப்புக்கு வடகம். இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குத் தீராது. சித்திரை வெயிலில் சின்ன வெங்காயத்தை உரித்து, பூண்டோடு சேர்த்து உரலில் ஒன்றிரண்டாக நசுக்கி, ஊறிய உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு போட்டுப் பிசைந்து ஒரு ராத்திரி மூடி வைக்க வேண்டும். மறுநாள் வெயிலில் பரப்பி, சாயங்காலம் உருட்டி, மறுபடி வெயில். ஒரு வாரம் பத்து நாள் இப்படிப் போகும். கடைசியில் விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிப் பானையில் போட்டு வைத்தால் பூச்சி அண்டாது. அதன் பிறகு வருஷம் முழுக்க, எண்ணெய் காய்ந்ததும் ஒரு சிட்டிகை கிள்ளிப் போட்டால் போதும். வெங்காயம் உரிக்க வேண்டாம், பூண்டு உரிக்க வேண்டாம், அஞ்சறைப் பெட்டியைத் திறக்கக்கூட வேண்டாம். ராத்திரிச் சமையலில் மிச்சமாகும் கால் மணி நேரத்தை நம் பாட்டிமார் கோடையிலேயே உழைத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

மாற்றிச் சமைக்கலாம், ஆனால் காரணம் தெரிந்து மாற்ற வேண்டும். காய் முக்கால் பதம் வேகாமல் புளியை ஊற்றினால், அப்புறம் எவ்வளவு கொதித்தாலும் காய் நறுக்கென்றே நிற்கும். புளிப்பு காயின் சதையை இளக விடாது. வெந்தயம் கருகினால் கசப்பை எதைப் போட்டும் எடுக்க முடியாது. பூசணம் பிடித்த மல்லாட்டையைப் பார்த்தால் வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அந்த நஞ்சு அடுப்புச் சூட்டில் அழியாது, அப்படியே கொட்டிவிடுங்கள். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ பருப்பு துவரையாகவே வந்தால் சாம்பார். அதற்குப் பதில் கனடா மஞ்சள் பருப்பைக் கொடுத்த மாதங்களும் உண்டு. அது சீக்கிரம் குழைந்துவிடும். சாம்பாரை விடக் கீரையோடு கடைய ஏற்றது. இவ்வளவு தெரிந்தால் மீதி எதையும் மாற்றலாம்.

"இப்படி மாற்றினால் பாரம்பரியம் கெடாதா?" என்று கேட்பவர்களுக்கு மல்லாட்டையையே காட்டுவேன். மணிலாக்கொட்டை என்பதுதான் வாயில் புரண்டு மல்லாட்டை ஆனது. பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவின் பெயரைச் சுமக்கும் இந்தப் பயிரின் பூர்வீகம் தென் அமெரிக்கா. மிளகாயும் தக்காளியும் அந்தக் கண்டத்துப் பக்கம் இருந்து வந்தவைதாம். மிளகு இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்ததால்தான் அதற்கு மிளகாய் என்று பெயர். முதல் முதலாக மிளகுக்குப் பதில் அதைக் கிள்ளிப் போட்ட கை எந்தப் புத்தகத்தையும் பார்த்திருக்காது.

'சமைத்துப் பார்' இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. பண்டிகைக்குப் பட்சணம் செய்யும்போது அளவு பிசகாமல் அதைப் பார்த்துத்தான் செய்கிறேன். வாரநாள் ராத்திரிக்கு அதை எடுப்பதில்லை.

வரும் சித்திரையில் சின்ன வெங்காயம் விலை இறங்கியதும் இரண்டு கிலோவாவது வாங்கி வடகம் போட்டு வையுங்கள். உரிக்க வீட்டு ஆண்களையும் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். நாலு பேர் கை சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் உரித்துவிடலாம்.