உப்புப் பாக்கெட் எத்தனை நாள் வருகிறது?

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை ஆனாலும், இடுக்கி மலையில் வண்டிப்பெரியாறு ஆனாலும், தமிழ் வீட்டு அடுக்களையில் உப்பு ஜாடிக்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் அதில் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் சார்பில் 2017-18இல் நாடெங்கும் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. அதன்படி நம் நாட்டுச் சராசரி 8 கிராம். ஆண்களுக்கு 8.9, பெண்களுக்கு 7.1.

கூடினால் என்ன கெடுதல்? உப்பில் ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். அது உடம்பில் நீரைத் தேக்கி வைக்கிறது. ரத்தத்தின் அளவு கூடி, குழாய்ச் சுவர்களில் அழுத்தம் ஏறுகிறது. பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு எல்லாம் இதன் பின்னே வருபவை. கேரளத்தில் பெரியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது.

மேல்நாடுகளில் உப்பின் பெரும்பகுதி தொழிற்சாலை உணவிலிருந்து வருகிறது. நம்மிடமோ அது வீட்டு அடுப்படியில் கையால் அள்ளிப் போடுவது. குழம்பு, பொரியல், மோர் என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம். அதற்கு மேல் ஊறுகாய், அப்பளம், கொண்டாட்டம், மோர்மிளகாய், கருவாடு, உப்பிலிட்ட மாங்காய். சாயங்காலம் பேக்கரி மிக்சர் வேறு!

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில், ஆளுக்கு 5 கிராம் என்றால் நாளைக்கு 20 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். 30 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் ஆகிறது. கழுவவும் ஊறவைக்கவும் செலவாவதைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கடையில் வாங்கித் தின்பதைக் கூட்ட வேண்டுமே!

"வெயிலில் வேர்வை கொட்டுதே, உப்பு வேண்டாமா?" என்பார்கள். பொதுவாகச் சாப்பாட்டிலுள்ள உப்பே அதற்குப் போதும். அப்போது கூடுதலாக வேண்டியது தண்ணீர்தான்.

குறைப்பதற்காகக் கல்லுப்புக்கோ இந்துப்புக்கோ மாறிப் பயனில்லை. அவற்றிலும் அதே சோடியம்தான். அயோடின் கலந்த உப்பையே அளவாகப் போடுங்கள். பொட்டாசியம் கலந்த உப்பும் கடையில் கிடைக்கிறது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

ஒரேயடியாகக் குறைத்தால் வீட்டில் சண்டை வரும். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்கு தானே பழகிக்கொள்ளும். புளியும் எலுமிச்சையும் மிளகும் கைகொடுக்கும். அடுத்த பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன்மேல் தேதியை எழுதி வையுங்கள். மற்றதை அந்தத் தேதி சொல்லும்.